மேக்னட் காயில் கேள்வி பதில்: எரிந்ததை வீட்டிலேயே கட்டலாமா?

பைக்கில் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஸ்டேட்டர் காயில் (மேக்னட் காயில் என்பதும் இதுதான்) எரிந்தால், “ரிப்பேர் கிடையாது, அசெம்பிளியா மாத்தணும்” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். நான் ஒத்துக்கொள்வதில்லை. புதுக் கம்பி சுற்றிக் கட்டலாம். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

சார், புது பேட்டரியும் இறங்கிவிடுகிறது. காயில்தான் போச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

5000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா, முதலில் காயில் கப்ளரை, அதாவது காயில் வயர்கள் சேரும் பிளக்கை, பாருங்கள். பல வண்டிகளில் அது கருகியிருப்பது மட்டுமே கோளாறு. கப்ளர் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் மூன்று வயர்களை மல்டிமீட்டரில் ஓம் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவு, பொதுவாக ஒரு ஓமுக்குள், காட்ட வேண்டும். எந்த வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் காயில் போய்விட்டது.

ரிப்பேர் ஆகாது என்று ஏன் சொல்கிறார்கள்?

கம்பெனி கம்பியைத் தனியாக விற்பதில்லை, அவ்வளவுதான். எரிவது செம்புக் கம்பியின் மேல்பூச்சான எனாமல். கம்பி சுற்றியிருக்கும், பல் பல்லான இரும்புக் கோர் அப்படியே இருக்கும்.

அண்ணா, கட்டும் முறையைச் சொல்லுங்கள்.

பல வண்டிகளில் எஞ்சினின் இடது பக்கக் கவரைக் கழற்றினால் காயில் அதோடு வந்துவிடும். பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு பல்லில் எத்தனை சுற்று, எந்தத் திசை, முனைகள் எங்கே சேர்கின்றன என்று எழுதி வையுங்கள். 18 பல் காயிலில் ஒரு ஃபேஸ் (மூன்று தனிச் சுற்றுகளில் ஒன்று) மூன்று பல்லுக்கு ஒன்றாக, மொத்தம் ஆறு பல்லில் ஓடும். எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள். எனாமலோடு அளந்தால் கேஜ் (கம்பித் தடிமன் எண்) தவறும்.

கோரின் மூலைகளில் கோட்டிங் பெயர்ந்திருந்தால் அதைச் சரி செய்யாமல் சுற்றாதீர்கள், கம்பி இரும்பில் பட்டுவிடும். கம்பி 180 டிகிரிக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். இழுத்து, நெருக்கமாகச் சுற்றுங்கள். முனைகளை வெறும் சால்டரை (ஈயப் பற்று) நம்பி விடாதீர்கள், சாதாரண ஈய-தகர சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். கிரிம்ப் அடித்து (சிறு உலோகக் குழாயில் வைத்து நசுக்கி), அப்புறம் சால்டர் வைத்து, கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள். கடைசியில் ஆயில் தாங்கும் வார்னிஷில் முக்கி, டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில் காயவையுங்கள். சமையல் அடுப்பில் வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல.

தடித்த கம்பி போட்டால் கரண்ட் கூடுமா?

அதே இடத்தில் சுற்று குறையும். ஐடிலிங்கில் வோல்டேஜ் போதாமல் போகும். பழைய கணக்கையே வையுங்கள்.

கட்டிய காயில் மறுபடி எரிந்துவிட்டது, ஏன்?

காயில் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி அடக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள் தம்பி. பல வண்டிகளில் இருப்பது ஷண்ட் வகை. மிச்சக் கரண்டை அது காயிலையே ஷார்ட் செய்து அடக்கும். அதனால் லைட் போடாவிட்டாலும் காயிலுக்கு ஓய்வில்லை. உள்ளே ஒரு டையோடு ஷார்ட் ஆகியிருந்தால் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் எரியும். மீட்டரை டையோடு மோடில் வைத்துச் சோதிக்காமல் புதுக் காயிலை மாட்டவே மாட்டாதீர்கள். காயிலை ஷார்ட் செய்யாமல் இணைப்பைத் துண்டித்து அடக்கும் சீரீஸ் வகை ரெகுலேட்டர் வண்டிக்குப் பொருந்துவதாகக் கிடைத்தால் அதையே போடுங்கள். எஞ்சின் ஆயில் குறைந்தாலும் காயில் சூடாகும்.

யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் சோர்ஸ் காயிலையும் கையால் சுற்றலாமா?

அது தலைமுடி போல மெல்லிய கம்பி, சுற்றுகளும் மிக அதிகம். கவுண்டர் உள்ள வைண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். காயில் மாட்டியிருக்கும் பிளேட்டைக் கழற்ற, முன்னால் இருக்கும் மேக்னட்டை இழுத்தெடுக்கும் மேக்னட் புல்லர் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டினால் மேக்னட் விரிசல் விடும்.