மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: கேள்வி பதில்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தில், அலபாமா மாநிலம் மாண்ட்கோமரி நகரில் 1955-56இல் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள். ஒரு பெண் எழ மறுத்தார், ஒரு போதகர் பேசினார், நாடு மாறியது என்று மூன்று வரியில் முடிகிற கதையை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். அந்தக் கதையில் வேலை செய்தவர்கள் யாருமே இல்லை.

கேள்வி: வெள்ளையர் முன்னால், கறுப்பர் பின்னால். இருக்கை விதி இவ்வளவுதானா?

இல்லை. பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு மட்டும். ஒரு வெள்ளையர்கூட ஏறாவிட்டாலும் அவை காலியாகவே ஓடும். பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்கிற கறுப்பினப் பெண் அதில் உட்கார முடியாது. கடைசி 10 கறுப்பினத்தவருக்கு. வம்பெல்லாம் நடுவில் இருந்த 16இல்தான். கோடு எங்கே என்று ஓட்டுநர் முடிவு செய்வார். ஒரே வரிசையில் இரண்டு இனத்தவரும் உட்காரக் கூடாது என்பது நடைமுறை. அதனால் ஒரு வெள்ளையருக்கு இடம் வேண்டுமென்றால் வரிசையில் இருக்கும் நாலு பேரும் எழ வேண்டும்.

1955 டிசம்பர் 1 மாலை நடந்ததும் அதுதான். நடுப்பகுதியின் முதல் வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக் எழச் சொன்னார். மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா பார்க்ஸ், ஜன்னலோரம் இருந்தவர் வெளியே போக வழிவிட்டு, தான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்; கைதானார். அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையருக்கு ஒதுக்கிய இடமே இல்லை. மாறிப்போய் உட்கார வேறு இருக்கை காலியாக இருந்தால் மட்டுமே எழச் சொல்லலாம் என்றுதான் நகரச் சட்டமும் சொன்னது. அதனால்தான் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசுத் தரப்பு நகரச் சட்டத்தை விட்டுவிட்டு மாநிலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர்.

இன்னொன்றும் உண்டு. முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். அதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் நடந்தது. மக்கள் மனதில் வெகுகாலம் புழுங்கிக்கொண்டிருந்தது அந்த அவமானம்.

கேள்வி: வேலைக் களைப்பினால்தானே அவர் எழவில்லை?

இல்லை. வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கமான என்ஏஏசிபியின் உள்ளூர்க் கிளைக்கு 1943 முதல் செயலாளராக இருந்தவர். அந்த ஆண்டு கோடையில் டென்னசியிலுள்ள ஹைலாண்டர் பள்ளியில் இன ஒதுக்கலை ஒழிப்பது பற்றிய பயிலரங்கில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். தெரிந்தே மறுத்தார்.

கேள்வி: அவருக்கு முன்பே கிளாடெட் கோல்வின் என்ற பள்ளி மாணவி கைதானாரே. கர்ப்பிணி என்பதால் தலைவர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்கிறார்களே?

காலவரிசையைப் பாருங்கள். 15 வயது கோல்வின் கைதானது 1955 மார்ச் 2. அவர் கருவுற்றது, அந்த வழக்கை முன்னிறுத்துவதில்லை என்ற முடிவுக்குப் பிறகு. வயதையும் குடும்பத்தின் ஏழ்மையையும் தலைவர்கள் எடைபோட்டார்கள் என்பது உண்மை, அது வருத்தத்துக்குரியது. ஆனால் சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அவர்மீது மூன்று குற்றச்சாட்டுகள். மேல்முறையீட்டில் நீதிபதி மற்ற இரண்டையும் நீக்கிவிட்டு, போலீசைத் தாக்கியதாகச் சொன்ன குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இருக்கை ஒதுக்கல் சட்டமே வழக்கிலிருந்து போய்விட்டது. பிறகு எந்தச் சட்டத்தை எதிர்த்து மேலே போவது?

அவரை வரலாறு கைவிட்டது என்பதும் பாதி உண்மைதான். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வென்ற ‘பிரவுடர் எதிர் கெய்ல்’ வழக்கின் வாதிகளில் அவரும் ஒருவர். அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் இல்லை.

கேள்வி: பேருந்து இல்லாமல் ஒரு நகரமே ஓராண்டு எப்படி வேலைக்குப் போனது? நடந்தேவா?

நடந்தவர்கள் நிறைய. ஆனால் நடையை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு வாரம் தாங்கியிருக்காது. பயணிகளில் நாலில் மூன்று பங்கு கறுப்பினத்தவர்; அவர்களில் பெரும்பாலோர் ஊரின் மறுகோடியில் வீட்டுவேலை செய்த பெண்கள்.

முதலில் டாக்சி. கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 காசுக்கே ஆளேற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 காசு என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்து நகராட்சி அதை நிறுத்தியது. உடனே புறக்கணிப்பின் தலைவரான போதகர் மார்ட்டின் லூதர் கிங், லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரப் போதகர் டி.ஜே. ஜெமிசனைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே 1953 ஜூனில் குறுகிய காலப் புறக்கணிப்பு நடந்திருந்தது. சொந்தக் கார்களை வரிசைகட்டி ஓட்டும் முறை அவர்களுக்குக் கைவந்திருந்தது.

அதை அப்படியே எடுத்துப் பெரிதாக்கினார்கள். சுமார் 300 கார்கள். காலையில் ஆட்களை ஏற்ற 48 இடம், மாலையில் திரும்பக் கூட்டிவர 42 இடம்; பட்டியலை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் விநியோகித்தார்கள். நகர மையத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடம்தான் தலைமை நிலையம். தெருவெல்லாம் அத்துப்படியான அஞ்சல் ஊழியர்கள் வழித்தடம் போட உதவினார்கள்.

எங்கெங்கே உடைந்திருக்கும் என்று பாருங்கள். ஏறுகிறவரிடம் காரில் காசு வாங்கினால் உரிமம் இல்லாத டாக்சி என்று வழக்கு வரும். அதனால் பணம் தேவாலயத்துக்கு நன்கொடையாகப் போனது, பெட்ரோலுக்கு அங்கிருந்து வந்தது. சொந்தக் கார்கள் தேய்ந்துபோயின. ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஒவ்வொன்றையும் ஒரு தேவாலயத்தின் பெயரில் பதிவு செய்தார்கள். அந்த வண்டிகளுக்கான காப்பீட்டை நிறுவனங்கள் திரும்பத் திரும்ப ரத்து செய்தன. காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டினால் எல்லாமே நின்றுவிடும். அட்லாண்டாவில் இருந்த கறுப்பின முகவர் ஒருவர் மூலம் லண்டன் லாயிட்ஸ் காப்பீடு கிடைத்தது. போலீஸ் சின்னச் சின்னப் போக்குவரத்துக் குற்றங்களை எழுதிக் குவித்தது. கிங்கையே 25 மைல் வேகப் பகுதியில் 30 மைலில் போனதாக 1956 ஜனவரி 26இல் கைது செய்தார்கள்.

வெள்ளையர் வீட்டு எஜமானிகள் பலர் தாங்களே காரை எடுத்துப்போய் வேலைக்காரப் பெண்களை அழைத்துவந்தார்கள். அதை நிறுத்தும்படி மேயர் கெய்ல் பகிரங்கமாகக் கேட்டும் பலர் நிறுத்தவில்லை.

கேள்வி: இதற்கெல்லாம் பணம்?

வாராந்தரக் கூட்டங்களில் தட்டேந்தினார்கள்; வெளியூர்களிலிருந்தும் வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரும் கூட்டாளிப் பெண்களும் கோழிச் சாப்பாடு, கேக், பை செய்து விற்று, வந்த பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. செய்தவர், வாங்கியவர் பெயர் எதுவும் வெளியே தெரியாது; தெரிந்தால் வேலை போய்விடும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கே வேலை போனது. அதன்பின் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் இருவரில் யார் வழி சரி?

மால்கம் எக்ஸ் மாண்ட்கோமரியில் இல்லை. அது தனித் தலைப்பு. அதற்கு இங்கே இடமில்லை.

கேள்வி: வென்றது நீதிமன்றம். தீர்ப்பு எப்படியும் வந்திருக்கும். புறக்கணிப்பு இல்லாவிட்டாலும் முடிவு இதுதானே?

இந்த எண்ணம் பலருக்கு உண்டு, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். தொடக்கத்தில் அவர்கள் கேட்டது ஒதுக்கலை ஒழிப்பதே அல்ல. மரியாதையாக நடத்த வேண்டும்; கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்கார வேண்டும், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது; கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர் வேண்டும். இவ்வளவுதான். இதற்கும் நகராட்சி மறுத்தது. ஜனவரி 30இல் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். பிப்ரவரி 1இல் வழக்கறிஞர் பிரெட் கிரே, ஒதுக்கல் சட்டமே செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் போனார். பார்க்ஸ் வழக்கை அதில் சேர்க்காததற்குக் காரணம், அது மாநில நீதிமன்றங்களில் இழுத்தடிக்கப்படும். கூட்டாட்சி வழியில் மூன்று நீதிபதி அமர்வு, அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றம். ஜூன் 5இல், சட்டம் செல்லாது என்று இரண்டுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பு. நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே நபர்: நீங்கள் சொல்வதே என் கட்சிக்கு ஆதரவு. தென் கரோலினாவில் பேருந்து இருக்கை ஒதுக்கலை எதிர்த்து வழக்குப் போட்ட சேரா மே ஃபிளெமிங் 1955 ஜூலையிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அங்கே புறக்கணிப்பு இல்லை.

நல்ல எடுத்துக்காட்டு. அதையே கடைசிவரை பின்தொடருங்கள். 1956 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கின் மேல்முறையீட்டைத் தள்ளியதும், இனி ஒதுக்கல் இல்லை என்று மாண்ட்கோமரி பேருந்து நிறுவனமே அறிவித்தது. ஐந்து மாத நஷ்டம் அதை வழிக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் நகராட்சி மாநில நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆக, நிறுவனத்தைப் பணிய வைத்தது புறக்கணிப்பு, நகராட்சியைப் பணிய வைத்தது தீர்ப்பு.

வெறும் தீர்ப்பு என்ன ஆகும் என்பதற்கு 1946ஐப் பாருங்கள். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் ஒதுக்கல் செல்லாது என்று ஐரீன் மார்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 15 ஆண்டுகள் தெற்கில் அது காகிதமாகவே கிடந்தது. 1961 மே மாதம், ஒதுக்கலை மீறி இரு இனத்தவரும் சேர்ந்து பயணித்த ‘விடுதலைப் பயணிகள்’ பேருந்தேறி, அலபாமாவின் அனிஸ்டனில் வண்டி எரிக்கப்பட்டு, மிசிசிப்பியில் சிறை நிரம்பிய பிறகுதான் நவம்பர் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது.

வேறொருவர்: அப்படியானால் தீர்ப்பு அவசியமே இல்லை, மக்கள் போதும் என்கிறீர்களா?

அதுவும் இல்லை. பிரவுடர் வழக்கில் ஐந்து பெண்கள் வாதிகளாகக் கையெழுத்திட்டார்கள். ஒருவர் மிரட்டலால் அடுத்த நாளே விலகினார். அதை வைத்து கிரேமீதே வழக்குப் போட்டார்கள். மீதி நால்வர் நிலைத்து நிற்க முடிந்தது, பின்னால் ஊரே நின்றதால். மறுபக்கம், நவம்பர் 13 காலை மாநில நீதிமன்றத்தில் கார் ஏற்பாட்டுக்கே தடை கேட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தது, தடையும் கிடைத்தது. அதே வேளையில்தான் வாஷிங்டன் தீர்ப்புச் செய்தி அறைக்குள் வந்தது. தீர்ப்பு சில மாதம் தள்ளிப் போயிருந்தால் வண்டி இல்லாத குளிர்காலம் ஒன்றை அவர்கள் கடக்க வேண்டியிருந்திருக்கும். மக்களா நீதிமன்றமா என்று பிரித்துக் கேட்டால் இரண்டையுமே தவறாகப் புரிந்துகொள்வோம்.

கேள்வி: எல்லாம் காந்தியிடமிருந்து வந்ததுதானே?

எல்லாம் அல்ல. தொடங்கிய வாரத்தில் மேடையில் கேட்டது இயேசுவின் போதனை. குண்டுவீச்சுக்குப் பிறகு கிங் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. 1956 பிப்ரவரியில் வெளியூரிலிருந்து வந்த அகிம்சைப் போராளி பேயார்ட் ரஸ்டினும், அடுத்து வந்த அவரைப் போன்ற கிளென் ஸ்மைலியும்தான் காந்திய முறையை ஒழுங்காக எடுத்துச் சொன்னார்கள். பேருந்தில் நடப்பதுபோல் நடித்துப் பார்த்துப் பழகும் பயிற்சி பின்னால் வந்தது. கிங் 1959இல் இந்தியா வந்தார். கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் பார்த்ததைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசியிருக்கிறார். நாக்பூரில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் போன போதகர் ஜேம்ஸ் லாசன், டென்னசியின் நாஷ்வில் நகரில் ஒதுக்கலை எதிர்த்துப் போராடிய மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியைத்தான் நேரடித் தொடர்பு என்று நான் முதலில் காட்டுவேன்.

கேள்வி: ரோசா பார்க்ஸ் அன்று களைப்பாக இருந்ததால்...

மேலே பதில் இருக்கிறது. இதே கேள்வி மறுபடி மறுபடி வந்திருக்கிறது, இனி எடுக்கப்போவதில்லை. இதற்குப் பதிலாக ஜோ ஆன் ராபின்சன் பற்றிக் கேட்டிருக்கலாம். அலபாமா ஸ்டேட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர், பெண்கள் அரசியல் பேரவைத் தலைவி. பேருந்துப் புறக்கணிப்பு வரும் என்று மேயருக்கு 1954 மே மாதமே கடிதம் எழுதியவர். பார்க்ஸ் கைதான இரவு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில், ஒரு தாளில் மூன்று பிரதி வருமாறு அச்சிட்டு, வெட்டி, பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியுமுன் கட்டுக்கட்டாக வைத்துவிட்டார். மறுநாள் பள்ளி மாணவர் வழியாக வீடுகளுக்குப் போனது. கிங் பெயர் அதில் இல்லை. அவர் தலைவராகத் தேர்வானது டிசம்பர் 5 பிற்பகலில்தான்.

கேள்வி: 381 நாளா, 382ஆ?

1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை கழித்தால் 381. இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் 382. 1956 லீப் ஆண்டு.

கேள்வி: மீண்டும் ஏறும்போது மக்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

டிசம்பர் 19 தேதியிட்ட ஒரு தாள் விநியோகமானது. அதன் சாரம்: வேறு இருக்கை இருக்கும்போது வலியப் போய் வெள்ளையர் பக்கத்தில் உட்காராதீர்கள். திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள், அடித்தால் திருப்பி அடிக்காதீர்கள். பக்கத்தில் யாராவது தாக்கப்பட்டால் எழுந்து சண்டைக்குப் போகாமல், தாக்குகிறவருக்காகப் பிரார்த்தியுங்கள். பொறுக்க முடியாது என்று தோன்றினால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் நடந்தே போங்கள். 21ஆம் தேதி ஏறினார்கள். சில நாளிலேயே பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு. ஜனவரி 10இல் நான்கு தேவாலயங்களில் குண்டு.

கேள்வி: அத்தோடு அந்த நகரத்தில் ஒதுக்கல் முடிந்ததா?

பேருந்தில் மட்டும். பூங்காக்களைப் பொதுவாக்கச் சொல்லி வழக்கு வந்தபோது, பொதுவாக்குவதற்குப் பதில் எல்லாப் பூங்காக்களையும் 1959 ஜனவரியில் நகராட்சி இழுத்து மூடியது. 1965 வரை திறக்கவில்லை. வேலை பறிபோன பார்க்ஸ் குடும்பம் 1957இலேயே டெட்ராய்ட் போய்விட்டது.