மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

கேள்வி: இலங்கையிலிருந்து லண்டன் வந்து எட்டு மாதம். அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. நண்பர் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். மனைவிக்குச் சலரோகம் (நீரிழிவு), ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை முடியப்போகிறது. ஜிபியில் (குடும்ப டாக்டரிடம்) பதியப் போனால், பாஸ்போர்ட்டும் முகவரி அத்தாட்சியும் இல்லாமல் முடியாது என்று வரவேற்பில் சொல்கிறார்கள். பாஸ்போர்ட், அகதிக் கேஸைப் பார்க்கும் ஹோம் ஆபீஸிடம் இருக்கிறது. பதிந்தாலும் 12 வயது மகள்தான் மொழிபெயர்க்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: வரவேற்பில் இருந்தவர் சொன்னது தவறு. இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய விசா, பாஸ்போர்ட், முகவரி அத்தாட்சி எதுவும் கட்டாயமில்லை. கேட்கலாம், இல்லை என்பதற்காக மறுக்க முடியாது. மறுத்தால், காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். “எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலேயே படிவம் கைக்கு வந்துவிடும். அதற்குள் குளிசை தீர்ந்துவிடும்போல இருந்தால் அரச மருத்துவச் சேவையின் (என்எச்எஸ்) உதவி எண் 111-ஐ அழையுங்கள். “தமிழ் இன்டர்பிரெட்டர்” என்ற இரண்டு சொல் போதும், ஆளை இணைப்பார்கள்.

காசு விஷயம். கேஸ் நடக்கும்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். நிராகரிக்கப்பட்டால் இங்கிலாந்தில் சில ஆஸ்பத்திரிச் சிகிச்சைகளுக்குக் கட்டணம் வரலாம்; ஜிபிக்கு அப்போதும் இல்லை. மருந்துக்குச் சாதாரணமாக ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டும். ஆனால் சலரோகத்துக்குக் குளிசை எடுப்பவருக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு. எஃப்பி92ஏ (FP92A) படிவத்தை ஜிபியிடம் கேளுங்கள். எல்லா மருந்துக்கும் அது செல்லும். பல், கண்ணாடிச் செலவுக்கு எச்.சி.1 (HC1) படிவம் நிரப்பினால், வருமானம் மிகக் குறைவாக இருந்தால் எச்.சி.2 (HC2) சான்றிதழ் வரும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

“கால் விறைக்குது” என்று உங்கள் மனைவி சொல்வார். நம் ஊரில் அதற்கு உணர்ச்சி குறைகிறது, மரத்துப்போகிறது என்று பொருள். சலரோகக்காரருக்கு அது நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளம். இங்கே வளரும் பிள்ளை அதைக் கால்வலி என்று சொல்லிவிட்டால், பனடோல் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கூட விறைப்பு என்றால் கால் மரக்கட்டை மாதிரி இறுகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள்.

அப்புறம், மாதவிடாய், இரவில் வரும் கெட்ட கனவுகள், போர்க்காலத்தில் நடந்தவை. இவற்றை எந்தத் தாயும் மகளின் வாயால் டாக்டரிடம் சொல்லமாட்டார். மகளை வைத்துக்கொண்டு “எல்லாம் ஓகே” என்பார், அதுவே பதிவாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஏற்பாடு செய்வது ஜிபியின் வேலை. நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள், முடிந்தால் இரட்டை நேரம் கேளுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பேச வேண்டியிருக்கிறதே, பத்து நிமிடத்தில் என்ன முடியும்? பெண் வேண்டுமென்றாலும் கேட்கலாம். “நம்மாட்கள் யாராவது வந்து வெளியே கதைத்துவிடுவார்களோ” என்று பயமிருந்தால் தொலைபேசியில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அவர் முகம் பார்க்கமாட்டார், கேட்டதை வெளியே சொல்லவும் அவருக்கு அனுமதியில்லை.

முதல் நாள் போகும்போது குளிசைப் பெட்டிகளை, வெறும் பெட்டியானாலும், எடுத்துப் போங்கள். ஊரில் வாங்கிய பிராண்ட் பெயர் இங்கே டாக்டருக்குத் தெரியாது. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மெட்போமின் போன்ற மருந்துப் பெயர்தான் அவருக்குத் தேவை. சலரோகக்காரருக்கான கால் பரிசோதனைக்கும் கண் படம் எடுப்பதற்கும் ஏற்பாடு செய்யும்படி அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.