மல்லிக்கு அடிக்கும் பாசிச் சாறு இறாலுக்கு ஆகுமா?

கேள்வி: மேலூர் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மச்சானும் நானும் தொண்டி அருகே வனாமி இறால் குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். போன முறை வெண்புள்ளி என்ற வைரஸ் நோய் வந்து மொத்தமும் போய்விட்டது. கடல்பாசிச் சாறு கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள். மல்லிக்கு அடிக்கும் பாசிச் சாறு கேன் கேனாக இருக்கிறது. அதையே தீவனத்தில் கலக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம், அந்தக் கேன் மல்லித் தோட்டத்திலேயே இருக்கட்டும். செடிக்குத் தெளிக்கும் சாறு நம் ஊரில் பல நேரம் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியில் எடுப்பது. வெண்புள்ளிக்கு எதிராக ஆய்வுகளில் பலன் காட்டியவற்றில் முக்கியமானது கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியில் இருக்கும் ஃபுகாய்டான் என்ற சர்க்கரை வகைப் பொருள். சரக்கே வேறு.

அந்த ஆய்வுகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் சில நாள் தீவனத்தோடு சாற்றைக் கொடுத்து, அப்புறம்தான் வைரஸைத் தாக்க விட்டார்கள். சாவு குறைந்தது, தள்ளிப் போனது; நிற்கவில்லை. கோழிக்குத் தடுப்பூசி போடுவதுபோல இறாலுக்குப் போட முடியாது, அதன் உடலில் ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதம் உருவாவதில்லை. பிறவியிலேயே உள்ள எதிர்ப்பைக் கொஞ்சம் தட்டி எழுப்புவதுதான் பாசிச் சாற்றின் வேலை. நோய் வந்த இறாலோ தீவனத்தைத் தொடாது. பிறகு மருந்து எப்படி உள்ளே போகும்? வெண்புள்ளி வந்தபின் குணப்படுத்த இன்றுவரை மருந்தே கிடையாது. 3 முதல் 10 நாளில் குட்டை காலியாகிவிடும்.

செக் ட்ரேயில் (தீவனம் வைத்து இறக்கிப் பார்க்கும் தட்டில்) தீவனம் மிஞ்சுகிறதா, இறால் கரையோரம் ஒதுங்குகிறதா என்று தினமும் பாருங்கள். சந்தேகமிருந்தால் தலை ஓட்டைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டியிருப்பதை வழித்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓட்டுக்குள்ளேயே வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரியும். தண்ணீரில் காரத்தன்மை கூடினாலும் புள்ளி விழும் என்பதால், ஆய்வகத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனைதான் முடிவு சொல்லும். நோய் உறுதியானால் குட்டைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், பக்கத்துக் குட்டைக்காரரும் நம்மைப்போலக் கடன் வாங்கித்தான் குஞ்சு விட்டிருப்பார். குளோரின் போட்டுத் தேக்கி வைத்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

நண்டும் பறவையும் நோயை உள்ளே கொண்டுவரும் என்பதால், கையில் இருக்கும் காசை முதலில் நண்டு வேலிக்கும் பறவை வலைக்கும் செலவிடுங்கள். உள்ளே விடும் தண்ணீரை வடிகட்டி, குளோரின் போட்டு, அதன் வீரியம் போனபின் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் குளிர்ந்து உப்பும் சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் குஞ்சு விடாமலிருப்பது நல்லது. இவ்வளவுக்கும் மேல் காசு மிஞ்சினால், இறாலுக்கென்றே விற்கும் பழுப்புப் பாசித் தயாரிப்பை வாங்கி, இறால் நன்றாகத் தின்னும்போதே கொடுக்கத் தொடங்குங்கள். குஞ்சுகளை மட்டும் பிசிஆர் ரிசல்ட் கைக்கு வராமல் குட்டையில் விடாதீர்கள்.