ஏழு இரவும் கடல்தான்: அட்லாண்டிக் கப்பல் பயணக் கேள்விகள்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘குயின் மேரி 2’ கப்பலில் போவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏழு நாளும் ஒரு ஊரில்கூட இறங்க முடியாதாமே, போரடிக்காதா? (கோவை)

சிலருக்குக் கண்டிப்பாகப் போரடிக்கும். தினம் ஒரு துறைமுகம், ஒரு கோயில், ஒரு கடைத்தெரு என்று எதிர்பார்ப்பவர்கள் இதில் பணத்தைப் போடாமல் மத்தியதரைக் கடல் பக்கம் போகலாம். இங்கே கடலில் கழியும் நாட்களுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஆனால் இது வழக்கமான உல்லாசக் கப்பல் அல்ல. 2004இல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பல் பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில், அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே கட்டப்பட்டது. நீளம் 345 மீட்டர். பெரிய நூலகம் உண்டு, கோளரங்கம்கூட உண்டு. பகலில் சொற்பொழிவுகள், மாலையில் வெள்ளைக் கையுறை போட்ட சிப்பந்திகள் பரிமாறும் தேநீர். ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி மூன்று தடவை நடந்தால் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் ஆகிவிடும். நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் எங்கே இருக்கிறது, காற்று எப்படி என்று சொல்வார். பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட அப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். முதல் இரண்டு நாள் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் பலர், மூன்றாம் நாள் அதைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த நிலைக்கு வர முடியாதவர் என்றால் டிக்கெட் எடுக்காதீர்கள்.

பஸ்ஸில் போனாலே எனக்குக் குமட்டும். எந்த அறை எடுப்பது? பால்கனி அவசியமா? (மதுரை)

அறையின் விலையை விட அது இருக்கும் இடம் முக்கியம். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவதற்கும் ஓரத்தில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பலிலும். நீள வாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம் என்று கேளுங்கள். நான்கு, ஐந்து, ஆறாம் தளங்களின் நடுவில் இருக்கும் அறைகள் நல்லவை. மேல்தளத்தின் முன்கோடியில் சலுகை விலையில் அறை கிடைத்தால் உங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்றுவிடுவது உத்தமம். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் இறக்கைபோல நீளும் தகடுகள் உண்டு. முன்னும் பின்னுமாக எழுந்து விழும் ஆட்டத்தை அவை பெரிதாக அடக்காது.

இந்தக் கீழ்த்தளப் பால்கனிகளில் ஒரு விஷயத்தை விளம்பரப் படங்களில் கவனிக்க மாட்டீர்கள். கப்பலின் இரும்பு உடலிலேயே துளைத்தெடுத்தவை என்பதால் முன்னால் கண்ணாடி கிடையாது, இடுப்புயரத் தகடுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் வானம் தெரியும், கடல் தெரியாது. பதிலுக்குக் காற்று முகத்தில் அறையாது. வட அட்லாண்டிக்கில் அது சின்ன வசதி அல்ல. எட்டாம் தளத்தில் சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகுகள் தொங்கும், முன்பதிவின்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. குமட்டலைத் தடுக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டை கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது. எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். இஞ்சி மிட்டாய், வறட்டு பிஸ்கட் பையில் இருக்கட்டும். வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள்.

எந்த மாதம் போகலாம்? போகும்போது கப்பலா, வரும்போது கப்பலா? (சென்னை)

முதல் தடவை என்றால் நியூயார்க்கை நோக்கியே போங்கள். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பல இரவுகளில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மொத்தம் ஐந்து மணி நேரம். கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம், இறங்கும்போது உடம்பு அமெரிக்க நேரத்துக்குப் பழகியிருக்கும். கிழக்கே வந்தால் அதே ஐந்து மணி நேரத்தைப் பறிகொடுக்க வேண்டும். அப்புறம், அதிகாலையில் நியூயார்க் துறைமுக வாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. இடித்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொள்பவர்களும் உண்டு. சுதந்திர தேவி சிலை இடப்பக்கம் வரும். அந்த ஒரு காலை மட்டும் அறையில் இருக்காமல் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள்.

கடல் சற்று அடங்கியிருப்பது மே முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் சந்திப்பதால் கோடையில் அங்கே மூடுபனி அதிகம். இரவெல்லாம் சங்கு ஊதினால் பயப்பட வேண்டாம்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (கும்பகோணம்)

முடியும், ஆனால் ஏறிய பிறகு சொல்லக் கூடாது. முன்பதிவிலேயே ‘இந்திய சைவம், முட்டை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். முதல் நாள் உணவகத் தலைமைச் சிப்பந்தியைப் பார்த்துப் பேசிவிட்டால், அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்பார். பருப்பும் பனீரும் கிடைக்கும், ரசத்துக்கு ஏங்குவீர்கள். குக்கர், கெட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பருப்புப் பொடி இருந்தால் நியூயார்க்கில் இறங்கும்போது சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கோட் சூட் கட்டாயமா? (திருச்சி)

இரண்டு விருந்து இரவுகளில் கட்டாயம் மாதிரிதான். ஆனால் அவரவர் நாட்டு விழா உடையும் ஏற்கப்படும். பட்டுப்புடவை இருந்தால் பெண்களுக்குக் கவலையே இல்லை, கழுத்து மூடிய பந்த்கலா கோட் வைத்திருக்கும் ஆண்களுக்கும் அப்படியே. இஸ்திரி போட இலவசச் சலவை அறைகள் இருக்கின்றன.

அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரை, பிரஷர் உண்டு. அழைத்துப் போகலாமா? விசா என்னென்ன? (சேலம்)

அழைத்துப் போகலாம், இன்சூரன்ஸ் சரியாக இருந்தால். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் இலவசம் அல்ல. நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரமும் உண்டு. நிலைமை மோசமானால் கப்பலையே செயின்ட் ஜான்ஸ், ஹாலிஃபாக்ஸ் போன்ற கனடியத் துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் கப்பல் பயணமும் அவசர இடமாற்றமும் பாலிசியில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். சர்க்கரையை மறைத்து எடுத்த பாலிசி இருந்தும் பிரயோஜனமில்லை. மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளும் பெட்டி அறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். கை கழுவச் சோப்பும் தண்ணீரும்தான், கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு சானிடைசரை நம்ப முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசாவும் அமெரிக்க விசாவும் வேண்டும். அமெரிக்க விசா கைக்கு வந்த பிறகே கப்பலுக்குப் பணம் கட்டுங்கள். சில பயணங்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பும், சில பிரான்சின் லெ ஆவ்ரில் நிற்கும். அவற்றுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் சேரும்.

போன் வேலை செய்யுமா? (ஈரோடு)

கப்பல் ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடல் ரோமிங் கட்டணம் பயங்கரம். வைஃபை காசுக்குக் கிடைக்கும்.

எங்கள் நாயையும் கூட்டிப்போக முடியுமா? (லண்டன்)

முடியும், இந்தக் கப்பலில் அதற்கென்றே 12ஆம் தளத்தில் கூண்டறைகள் இருக்கின்றன. அமெரிக்க நாய்களுக்குத் தீயணைப்புக் குழாயும் பிரிட்டிஷ் நாய்களுக்கு விளக்குக் கம்பமும் நட்டு வைத்திருக்கிறார்கள்! அறைக்குள் அனுமதி இல்லை, குறித்த நேரத்தில் நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். இடம் கொஞ்சம்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் நாய்க்கு இடம் உறுதி செய்துகொண்டு, பிறகு உங்களுக்கு அறை போடுங்கள்.