கூட்டம் போற பக்கமே போகாதீங்க: வாசகர் கேள்வி பதில்

லீவு சீசன் நெருங்கினாலே வர்ற கேள்விங்க இந்த தடவையும் கட்டு கட்டா வந்திருக்கு, எல்லாமே பெரிய ஸ்டேஷன்ல வழி தெரியாம முழிச்ச கதை. அதனால இந்த இதழ்ல பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு, மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எனக்கு 58 வயசு. சின்ன ஸ்டேஷன்னா தனியாவே போயிட்டு வந்துருவேன். பெரிய ஸ்டேஷனுக்குள்ள கால் வெச்சதும் தலை சுத்துது. எல்லாரும் எங்கயோ ஓடுறாங்கன்னு நானும் பின்னாடியே போயி, போன தடவை கார் பார்க்கிங்ல போய் நின்னேன். பசங்க இன்னும் சொல்லிச் சொல்லி சிரிக்கிறாங்க. இதுக்கு என்ன பண்றது?

பதில்: பசங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்மா, அவங்க போன்ல சார்ஜ் தீரட்டும், அப்புறம் பாருங்க. விஷயம் என்னன்னா, பெரிய ஸ்டேஷன்ல வேகமா ஓடுறவங்கள்ல நிறைய பேரு தினம் அதே வழியில போய் வர்றவங்க, கண்ணைக் கட்டி விட்டாலும் அவங்களுக்கு வழி தெரியும். அவங்க போறது அவங்க வீட்டுக்கோ ஆபீசுக்கோ, உங்க ட்ரெயினுக்கு இல்ல. அதனால உள்ள நுழைஞ்சதும் ஒரு தூண் ஓரமா ஒதுங்கி ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. வாசல்ல நிக்காதீங்க, எஸ்கலேட்டர் முடியுற இடத்துல நிக்கவே நிக்காதீங்க, பின்னாடி வர்றவங்களுக்கு நிக்க இடம் இருக்காது, பெட்டியோட உங்க மேலயே வந்து விழுவாங்க.

அந்த ரெண்டு நிமிஷத்துல போர்டைக் கூட அப்புறம் பாருங்க, முதல்ல இது என்ன மாதிரி ஸ்டேஷன்னு பாருங்க. தண்டவாளம் அங்கயே வந்து முடியுதா, இல்ல ஸ்டேஷனைத் தாண்டிப் போகுதா? முடியுற ஸ்டேஷன்னா பிளாட்ஃபார்ம் எல்லாம் சீப்போட பல்லு மாதிரி ஒரே ஹால்ல வந்து சேரும், ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட் மெயின் ஸ்டேஷன் அப்படித்தான், அங்க தப்பான பிளாட்ஃபார்முக்குப் போயிட்டாலும் ஹாலுக்குத் திரும்பி வந்து பக்கத்துல நடந்தா போதும், படி ஏற வேண்டாம். தாண்டிப் போற ஸ்டேஷன்ல அந்த சலுகை கிடையாது, மேல பாலம் இல்லன்னா கீழ சுரங்கப்பாதை, தப்பான படியில இறங்கிட்டா மறுபடி லக்கேஜைத் தூக்கிட்டு ஏறணும், அதனால இறங்குறதுக்கு முன்னாடியே நம்பரை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாருங்க. மூணாவது ஒரு வகை இருக்கு, அதுதான் ஆளைக் கவுக்கும். 2006ல திறந்த பெர்லின் மெயின் ஸ்டேஷன்ல கிழக்கு மேற்கா போற ட்ரெயின் உச்சி மாடியில, வடக்கு தெற்கா போறது தரைக்குக் கீழ. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் சென்ட்ரல்ல மூணு மட்டத்துல தண்டவாளம் ஓடுது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலும் தண்டவாளம் முடியுற ஸ்டேஷன்தான், ஆனா 44 பிளாட்ஃபார்மையும் ரெண்டு அடுக்கா பிரிச்சு வெச்சிருக்காங்க. இந்த மாதிரி இடத்துல முதல்ல எந்த மாடின்னு கேளுங்க, பிளாட்ஃபார்ம் நம்பர் அப்புறம்.

கேள்வி: போர்டுல நான் போற ஊர் பேரே வரலை, ட்ரெயின் கேன்சல்னு நினைச்சு அழுகையே வந்துருச்சு. அப்புறம் பார்த்தா வண்டி அங்கதான் நின்னுட்டு இருந்துச்சு. ஏன் இப்படி?

பதில்: போர்டுல பெருசா போடுறது ட்ரெயின் கடைசியா போய் நிக்கிற ஊர். நீங்க நடுவுல இறங்குறவங்களா இருந்தா உங்க ஊர் பேரு சின்ன எழுத்துல ஓடும், சில இடத்துல ஓடவே ஓடாது. அதனால டிக்கெட்ல இருக்குற ட்ரெயின் நம்பரையும் கிளம்புற நேரத்தையும் கையில வெச்சுக்கிட்டு தேடுங்க, ஊர் பேரை வெச்சு தேடாதீங்க. இன்னொண்ணு, நிறைய பேரு வர்ற ட்ரெயின் போர்டைப் பார்த்துட்டு கிளம்புற ட்ரெயினைத் தேடுவாங்க. ஜெர்மனி, இத்தாலியில எல்லாம் ஒட்டி வெச்சிருக்குற அட்டவணையில மஞ்சள் தாள்னா கிளம்புறது, வெள்ளைத் தாள்னா வர்றது, பாஷை தெரியாதவங்களுக்கு இது பெரிய உதவி. ஆனா தாள்ல இருக்குற பிளாட்ஃபார்ம் நம்பர் எப்பவோ அச்சடிச்சது, மின்னுற போர்டு வேற நம்பர் சொன்னா போர்டுதான் சரி, அதையும் மீறி ஸ்பீக்கர்ல மாத்திச் சொன்னா ஸ்பீக்கர்தான் சரி. சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் திடீர்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினா காதுல இருக்குறதைக் கழட்டிட்டு என்னன்னு கேளுங்க. (கேக்கத்தான் சொன்னேன், பின்னாடியே ஓடச் சொல்லலை.)

கேள்வி: ட்ரெயின் வந்து நின்னதும் என் கோச் அந்தக் கோடியில இருக்கும், எப்பவுமே. எனக்கு மட்டும்தான் இப்படியா அண்ணே?

பதில்: தம்பி, உலகத்துல எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு கோச் கிட்டத்தட்ட 24, 25 மீட்டர் நீளம், 20 கோச்னா அரை கிலோமீட்டர், பையோட கூட்டத்துல அதை நடக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும், வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். ஆக வண்டி வந்தப்புறம் தேடுறது வேலைக்கே ஆகாது, முன்னாடியே சரியான இடத்துல நிக்கணும். அதுக்கு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஏற்பாடு இருக்கு, நாமதான் கண்டுக்கிறது இல்ல. நம்ம நாட்டுல பிளாட்ஃபார்முக்கு மேல கோச் நம்பர் மின்னும், ஜெர்மனியில பிளாட்ஃபார்மையே ஏ, பி, சின்னு எழுத்தா பிரிச்சு எந்தக் கோச் எந்த எழுத்துக்கு நேரா வரும்னு போர்டுல போடுவாங்க. ஜப்பான் புல்லட் ட்ரெயின் 16 கோச் இருந்தா 400 மீட்டர், அங்க தரையிலயே கோச் நம்பர் எழுதி கதவு வர்ற இடத்தைக் கோடு போட்டு வெச்சிருப்பாங்க, கதவு சரியா அங்க வந்து நிக்கும், பார்க்கவே ஆசையா இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி தண்டவாளம் முடியுற ஸ்டேஷனுக்குள்ள போற வண்டி வந்த வழியிலயே திரும்பித்தான் வெளிய வரணும், அப்போ முன்னாடி இருந்த கோச் பின்னாடி ஆயிடும். ஏறும்போது பார்த்த வரிசையை வெச்சு அடுத்த ஸ்டேஷன்ல யாரையாவது நிக்கச் சொன்னீங்கன்னா அவங்க அந்தக் கோடியில நிப்பாங்க. இன்னும் சில வண்டி நடுவழியில ரெண்டா பிரிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குப் போகும். நானே ஒரு தடவை தப்பான பாதியில உக்காந்து, ஜன்னல் சீட் கிடைச்ச சந்தோஷத்துல தூங்கி, கண்ணு முழிச்சப்போ கூட வந்தவங்க வேற ஊருக்குப் போயிட்டு இருந்தாங்க. இல்ல, நான்தான் வேற ஊருக்குப் போயிட்டு இருந்தேன். அதனால வண்டியில ஏறுறப்போ கதவுக்குப் பக்கத்துல எழுதியிருக்குற ஊர் பேரைப் பாருங்க, முன்னாடி இன்ஜின்ல இருக்குறதை நம்பாதீங்க.

கேள்வி: ட்ரெயின் மாற 12 நிமிஷம் இருக்கு. போதுமா?

பதில்: பக்கத்து பிளாட்ஃபார்ம்னா போதும். வேற மாடின்னா ஓட்டம்தான். வேற ஸ்டேஷன்னா கிடைக்கவே கிடைக்காது, சிரிக்காதீங்க, பாரிஸ்ல 'கார் து நோர்'ங்கிற ஸ்டேஷன்ல வந்து இறங்கி 'கார் து லியோன்'ங்கிற ஸ்டேஷன்ல இன்னொரு ட்ரெயின் ஏறணும்னா அது ஊருக்குள்ள தனி பயணம், ஆர்இஆர்ங்கிற உள்ளூர் ட்ரெயின் பிடிச்சுப் போகணும். டிக்கெட்ல ஊர் பேரை மட்டும் பார்த்துட்டு ஸ்டேஷன் பேரைப் பார்க்காம விட்டவங்க இதுல மாட்டுவாங்க. அப்புறம் 12 நிமிஷம்ங்கிறது முழுசா 12 இல்ல, சில நாட்டுல கிளம்புற நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னாடியே கதவைச் சாத்திருவாங்க. கிராண்ட் சென்ட்ரல்ல மட்டும் போர்டுல போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் கழிச்சு எடுப்பாங்கன்னு ஒரு பழைய வழக்கம் இருக்கு, அதை எல்லா ஊர்லயும் எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: போன்ல மேப் இருக்கே, அதைப் பார்த்துப் போனா என்ன?

பதில்: ஸ்டேஷன் வாசல் வரைக்கும் தாராளமா பாருங்க. உள்ள போனதும் தலைக்கு மேல கான்கிரீட், தரைக்குக் கீழன்னா கேக்கவே வேண்டாம், சாட்டிலைட் சிக்னல் வராது, நீல புள்ளி தண்டவாளத்து மேல நடந்துட்டு இருக்கும். மேல தொங்குற பலகைதான் கதி. போன்ல அதுக்குப் பதிலா டிக்கெட்டை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, நெட் போனாலும் கையில இருக்கும்.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் நாலு ஊர்ல இருந்து வந்து ஸ்டேஷன்ல சேரணும். எந்த இடம் சொல்றது?

பதில்: 'எக்ஸிட் பக்கத்துல'ன்னு மட்டும் சொல்லிறாதீங்க, டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல எக்ஸிட் இருக்கு. கிராண்ட் சென்ட்ரல்னா என்கொயரி மேடை மேல இருக்குற நாலு முகக் கடிகாரம்னு எல்லாரும் சொல்வாங்க, டோக்கியோவுலயே ஷிபுயா ஸ்டேஷன்னா ஹச்சிகோங்கிற நாய் சிலை, 1934ல வெச்சது போர்ல உருக்கிட்டாங்க, இப்ப இருக்குறது 1948ல மறுபடி வெச்சது. இதுல ஒரு சிக்கல், எல்லாரும் அங்கதான் சேருவாங்க, அதனால அங்க போய் நிக்கிறவங்களுக்கு நடுவுல ஃப்ரெண்டைத் தேடுறதே தனி வேலை. நான் சொல்றது, அந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஏதாவது ஒரு தூண், இல்ல டிக்கெட் கவுன்டரோட கடைசி ஜன்னல்னு சொல்லுங்க. யாரும் வரலையா, தேடிட்டு அலையாதீங்க, நீங்க அவங்களைத் தேட அவங்க உங்களைத் தேட ஸ்டேஷனைச் சுத்திக்கிட்டே இருப்பீங்க. ஒருத்தர் அங்கயே உக்காரணும். யாரு உக்காரணும்னு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பேசி வெச்சுக்கோங்க, அதிக லக்கேஜ் வெச்சிருக்குற ஆளுன்னா சண்டை வராது.