முதலாண்டுத் தனிமை: கேள்விகளும் என் பதில்களும்

பொறியியல் கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் கேட்கலாம். மாத்திரை பற்றி மட்டும் வேண்டாம். அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சேர்ந்து ஆறு வாரம் ஆச்சு அக்கா. எல்லாரும் கேங் சேர்ந்துட்டாங்க. மெஸ்ஸுல தனியா உட்கார வெட்கமா இருக்கு, பல நாள் ராத்திரி சாப்பிடப் போறதே இல்ல.

பதில்: முதலில், இன்று ராத்திரி சாப்பிடப் போ தம்பி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

'எல்லாரும் சேர்ந்துட்டாங்க' என்பதை நம்பாதே. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் கேட்டபோது 48% பேர், மற்றவர்களுக்குத்தான் தங்களைவிட நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்றார்கள். தங்களுக்கு அதிகம் என்றவர்கள் 31% பேர்தான். அடுத்தவன் கேன்டீனில் சிரிப்பது உன் கண்ணில் படுகிறது. அவன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது படுவதில்லை.

நட்புக்கு நேரமும் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாகவே சுமார் 50 மணி நேரம் வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200-க்கு மேல். வகுப்பில் பக்கத்தில் உட்காருவது அதில் பெரிதாகச் சேராது. வெட்டிக்கதை பேசுவது சேரும். லேப் பேட்ச் பெரும்பாலும் ரோல் நம்பர் வரிசையில்தான் வரும். உனக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டு பேரில் ஒருவனிடம், லேப் முடிந்து மேல்கோட்டை மடிக்கும்போது, 'டீக்குப் போறேன், வரியா?' என்று கேள். வரவில்லையா, அடுத்த வாரமும் கேள்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறாதே. விடுதியில் பழக்கம் கூடுவது சனி, ஞாயிறில்தான்.

கேள்வி: நான் தமிழ் மீடியம். கிளாஸ்ல எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசறாங்க மேடம்.

பதில்: எல்லாரும் இல்லை. உன்னைப் போலத் தமிழில் படித்தவர்கள் அதே வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை ஒரு சந்தேகத்தைத் தமிழிலேயே கேள். இடைவேளையில் அவர்களே உன்னைத் தேடி வருவார்கள்.

கேள்வி: ரூம்மேட்ஸ் தண்ணி அடிப்பாங்க. வேணாம்னா 'பழம்'னு ஓட்டறாங்க. ஒருதடவை குடிச்சிட்டா விட்டுடுவாங்களா?

பதில்: விடமாட்டார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது: குடியில் தனக்குத்தான் உறுத்தல், மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை என்று மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். உன் அறையிலும் ஒருவனுக்காவது விருப்பமிருக்காது. அவனைத் தனியாகப் பிடித்துப் பேசு.

இடையில் ஒரு சீனியர்: சொல்றது ஈஸி மேடம். செட்டை விட்டு ஒதுங்கினா நோட்ஸ் வராது, பிளேஸ்மென்ட் தகவல் வராது. நாலு வருஷம் நரகம்.

பதில்: ஒதுங்கச் சொல்லவில்லை தம்பி. அவர்களோடு போகட்டும், சாப்பிடட்டும், கிளாஸை மட்டும் தொட வேண்டாம்.

இன்னொருவர்: எங்க செட்ல குடிக்காதவன் நான்தான். எல்லாரையும் பத்திரமா ரூமுக்குக் கூட்டிட்டு வர்றதும் நான்தான். நோட்ஸ் வராம இல்லையே!

சீனியர்: உனக்கு அமைஞ்சுது ப்ரோ. எங்களுக்கு அமையல.

பதில்: அமையாத இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனையில், கூட்டம் ஒருமித்துப் பொய் சொன்னபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பதில்கள் அதன் பக்கம் சாய்ந்தன. ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னதும் அது 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஒரு ஆள் போதும். அவனைத் தேடத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கும் ஃப்ரெண்ட்ஸ் இல்ல அக்கா, என்ன பண்ண?

பதில்: முதல் பதிலைப் படியம்மா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறாதே.

கேள்வி: மகள் தினமும் அழுகிறாள். அழைத்து வந்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு போன் போதும். 'யாரோட சாப்பிட்டே?' என்று கேளுங்கள். வாராவாரம் பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சீனியர்களுக்கு ரெக்கார்ட் எழுதிக் கொடுத்தாத்தான் சேத்துப்பாங்களாம்.

பதில்: அது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் சட்டப்படி குற்றம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உதவி எண் 1800-180-5522.

கேள்வி: தனியா இருக்கேன், பேச்சை எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: மேலே இருக்கிறது. இதே கேள்விக்கு இனி பதில் இல்லை.

கேள்வி: ரெண்டு வாரமா தூக்கமில்ல. இருந்து என்ன ஆகப் போகுதுன்னு தோணுது.

பதில்: இதற்கு மேலே உள்ள யோசனை எதுவும் போதாது கண்ணு. இப்போதே 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் வார்டனை எழுப்பு. இன்று ராத்திரி தனியாகப் படுக்காதே. நாளை மருத்துவரைப் பார். உனக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன், பதில் போடு. மற்றவர்கள் கேள்விகளை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.