ராணியைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் புதிர் ஏன் தப்பாகிறது?

கேள்வி: செஸ் புதிர்களில் எந்தக் காயைப் பலி கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனாலும் பாதிக்கு மேல் தப்பாகிறது. உதாரணத்துக்கு ஒன்று. வெள்ளையில் ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பில் ராஜா எச்8, ராணி பி2, யானை இ8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளையின் முறை. ராணியை ஜி8-இல் வைத்து செக் கொடுத்தேன். யானை அதை வெட்டினால், குதிரை எஃப்7-க்குப் போய் மேட். தப்பு என்று வந்தது. பிறகு தீர்வைப் பார்த்தால் அதிலும் அதே ராணி பலிதான்! எங்கே பிசகுகிறேன்?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கடைசிப் படம் மனதில் வந்துவிட்டது: மூலையில் ராஜா, சுற்றிலும் அதன் சொந்தக் காய்கள், எஃப்7-இல் குதிரை. பலருக்கு இந்தப் படமே தோன்றாது. பிசகு ஒரே இடத்தில்தான். ஜி8-இல் இறங்கும் ராணியை யானை வெட்டும் என்று நீங்களே எதிராளிக்காக முடிவு செய்துவிட்டீர்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ராஜா நிற்கிறது. அதுவே வெட்டிக்கொள்ளும். ஜி5-இல் இருக்கும் குதிரை ஜி8-ஐக் காக்கவில்லை, ஆக ராணி சும்மா போய்விட்டது.

பலி கொடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கட்டத்தில் என்னை யார் யார் வெட்டலாம்?" என்பது. ஒருவர் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், எல்லாரையும் எண்ணுங்கள். இங்கே இரண்டு பேர், யானையும் ராஜாவும். யானை வெட்டினால் நமக்கு வேலை ஆகும், ராஜா வெட்டினால் ஆகாது. அப்படியானால் ராஜா வெட்ட முடியாதபடி செய்ய வேண்டும், அதாவது ஜி8-க்கு நம் காவல் வேண்டும். குதிரை எங்கே நின்றால் ஜி8-ஐக் காக்கும்? எச்6-இல். இந்தக் கேள்வி வந்துவிட்டால் புதிர் பாதி முடிந்த மாதிரி.

சரி, குதிரையை எச்6-க்கு எப்படிக் கொண்டுபோவது? அவசரம் வேறு இருக்கிறது. கறுப்பு யானை இ1-க்கு வந்து செக் கொடுக்கக் காத்திருக்கிறது. அப்போது உங்கள் ராணி எஃப்1-இல் குறுக்கே நின்று, யானைக்கு ஈடாகப் போக வேண்டியதுதான். ஆக, செக் இல்லாத ஒரு நகர்வுக்குக்கூட இங்கே நேரமில்லை.

முதல் நகர்வு, குதிரை எஃப்7, செக். அதை வெட்ட யாருமில்லை, ராஜாவுக்கு ஜி8 ஒன்றுதான் வழி. இரண்டாவது, குதிரை எச்6. இந்த நகர்வின் மேல் கொஞ்ச நேரம் நில்லுங்கள், புதிரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குதிரை விலகியதும் சி4-இல் இருக்கும் ராணியின் மூலைப்பாதை திறந்து ஒரு செக், குதிரையே கொடுப்பது இன்னொரு செக். ஜி7 சிப்பாய் எச்6 குதிரையை வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினாலும் ராணியின் செக் அப்படியே இருக்கும், எனவே அது செல்லாது. இரட்டை செக் என்றால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும்.

ராஜா எஃப்8-க்கு ஓடினால் ராணி எஃப்7-இல் மேட், குதிரையின் காவலோடு. எச்8-க்குத் திரும்பினால், இப்போது ராணி ஜி8. நீங்கள் வைத்த அதே நகர்வுதான்! ஆனால் எச்6 குதிரை பின்னால் நிற்பதால் ராஜாவால் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். அப்புறம் குதிரை எஃப்7-க்குத் திரும்பி மேட்.

இந்த முறைக்கு, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். உண்மையில் அவருக்கு வெகு முந்தையது, 1497-இல் ஸ்பெயினில் லூசெனா அச்சிட்ட சதுரங்க நூலிலேயே இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி 1858-இல் பாரிஸ் ஆபெரா அரங்கில் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தின் முடிவையும் ஒரு தடவை பலகையில் வைத்துப் பாருங்கள். ராணியை பி8-இல் வைத்து செக் கொடுக்கிறார். எதிராளிக்குச் சட்டப்படி இருப்பது ஒரே பதில், டி7 குதிரையால் வெட்டுவது. டி நேர்வரிசையை அடைத்துக்கொண்டு நின்ற காயே அதுதான். அது விலகியதும் யானை டி8-இல் மேட். எதிராளிக்குத் தேர்வே இல்லாத இடத்தில் பலி கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்வது: திரையில் காயைத் தொடும் முன் முழு வரிசையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், எதிராளியின் பதில்களையும் சேர்த்து. ஒரு நாளைக்கு ஐந்து புதிர் போதும். வேகப் புதிர்களை ஒரு மாதம் தள்ளி வையுங்கள், அவை ஊகிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். தப்பு வந்தால் உடனே தீர்வைத் திறக்காமல், எதிராளி எந்தப் பதிலால் தப்பித்தார் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். தீர்வைப் படிப்பதைவிட இதில் பத்து மடங்கு பலன் உண்டு.

இதே நிலையில் கறுப்பு ராணியை மட்டும் பி2-இலிருந்து பி7-க்கு மாற்றி வைத்து, மறுபடி குதிரையை எஃப்7-க்கு நகர்த்திப் பாருங்கள். இப்போது அந்தக் கட்டத்தைத் தொடக்கூடியவர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். ஏழாம் வரிசையில் நேராக வந்து ராணி குதிரையை வெட்டிவிடும். திருப்பி உங்கள் ராணியால் அதை வெட்டக் கை பரபரக்கும், ஒரு குதிரைக்கு ராணி கிடைக்கிறதே! வெட்டும் முன் இ நேர்வரிசையைப் பாருங்கள். யானை இ1, மேட், விழுந்தது உங்கள் ராஜா.